ஓட்டிஸுக்குப் பரீட்சை

"கண்ணை இன்னும் இறுக்கிக் கட்டட்டுமா?" என்று கேட்டார் மர்ரே. கேட்ட தோரணையே ஹெய்டிக்குப் பிடிக்கவில்லை.

"போதும். ஒண்ணும் தெரியல."

"திருட்டுத்தனமா பாக்க மாட்டியே?"

"உங்களுக்கு யார் மேலதான் நம்பிக்கை இருக்கு?"

தண்டர் பே நகரத்து வழிகாட்டி நாய்ப் பள்ளியில் மர்ரேதான் தேர்வாளர். ஹெய்டி புதுப் பயிற்சியாளர். அவள் பழக்கிய முதல் நாய், கறுப்பு லாப்ரடார் ஓட்டிஸ். கண்ணைக் கட்டிய அவளை, பார்வையில்லாத ஒருவரைக் கூட்டிப்போவதுபோல அவன் கடைத்தெரு வழியே கூட்டிப்போக வேண்டும். தேறாவிட்டால் அவன் யார் வீட்டிலாவது சும்மா வளர்வான். அவளும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

போன வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஓட்டிஸ் மர்ரேயிடம்தான் இருந்தான். அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்துக் கெடுத்தாரோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

வழக்கமாக நாயின் நெஞ்சுப் பட்டையில் தொங்கும் தேர்வு எண் அட்டையை மர்ரே அவள் கோட்டில் குத்தினார். கிழவருக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மிதிபட்ட பனி நொறுங்க நடந்தார்கள். மர்ரேயின் பூட்ஸ் சத்தம் பின்னாலேயே வந்தது. ஓட்டிஸ் சாலையைத் தாண்டினான், விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போனான், எல்லாம் கச்சிதம்.

பேக்கரி வாசலில் திடீரென்று நின்றுவிட்டான். சுடச்சுட பெர்ஷியன் என்கிற இனிப்பு பன் வாசனை மூக்கைத் துளைத்தது.

"போ, ஓட்டிஸ்."

அவன் போகவில்லை. குறுக்கே வந்து அவள் முழங்காலில் உடம்பைச் சாய்த்தான்.

"மர்ரே, பையில பன்னு கின்னு வெச்சிருக்கீங்களா?"

"கையுறைதான் இருக்கு."

"முன்னால ஏதாவது கிடக்கா?"

"அதை என்கிட்டயா கேப்ப?"

வேண்டுமென்றேதான் இந்த வழியாகக் கூட்டி வந்திருக்கிறார் மனுஷன். பள்ளியின் விதி அவளுக்கு மனப்பாடம்: கட்டளையை இரண்டு தடவைக்கு மேல் சொல்லாதே, கேட்காவிட்டால் வாரைச் சுண்டு. செய்ததற்குப் பலன் கையோடு கிடைத்தால்தான் பழக்கம் படியும்.

"என் மானத்த வாங்காதடா. போ!"

வாரைச் சுண்டினாள். அவனைத் தள்ளிக்கொண்டு காலை எடுத்து வைத்தாள்.

காலுக்கடியில் தரை இல்லை.

மர்ரே அவள் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பனியில் விழுந்து உட்கார்ந்தவள் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். மாவு மூட்டை இறக்குவதற்காக நடைபாதையில் நிலவறைக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். அதன் விளிம்பில் நின்று ஓட்டிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெய்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறிச் சந்தோஷம் பொங்க, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மர்ரே! நான் அவ்வளவு சொல்லியும் கேக்கலை. எப்பக் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு என் தங்கத்துக்கு! பாஸ்தானே? சொல்லுங்க, பாஸ்தானே?"

மர்ரே குனிந்து, அவள் கோட்டிலிருந்த எண் அட்டையைக் கழற்றினார்.

"அவன் போன வாரமே பாஸும்மா."