மேஸ்ட்ரோவின் காது

இசைக்குழு நடத்துநர் எவேலியோ அர்பெலாயெஸ் ஒத்திகையைத் தொடங்கக் கோலை அசைத்தார். முப்பது வில்கள் ஒன்றாக அசைந்தன, கொம்பு ஊதுகிறவர்களின் கன்னங்கள் பூசணியாக உப்பின. முரசுக்காரரின் குச்சி தோல்வரை போய்த் திரும்பியது.

அவர் காதில் ஒன்றுமே விழவில்லை.

போன நிமிடம் சுருதி சேர்த்தது நன்றாகத்தானே கேட்டது? பக்கம் புரட்டுகிற சாக்கில் சுண்டுவிரலால் காதைக் குடைந்து பார்த்தார். ஊஹூம்.

அவருடைய அப்பா மனிசாலெஸ் நகரத்துப் பேண்டு மாஸ்டர். இதே ஐம்பத்தாறு வயதில்தான் செவிடானார். முதலில் வாத்தியங்கள் போயின, அப்புறம் கோயில் மணி போனது. மாமியார் குரல் மட்டும் சாகும்வரை கேட்டது. குடும்ப வியாதி அப்படி, பிடித்ததைத்தான் முதலில் தின்னும்.

காலையில் காவலாளி கில்டார்தோ கொடுத்த காப்பி வேறு உப்புக் கரித்தது. நாக்கும் போய்விட்டதோ என்று பயந்து, மூச்சுக் காட்டாமல் குடித்துவைத்தார்.

நாளை மாலை அவருடைய சிம்பொனி அரங்கேற்றம். பதினோரு வருடத்து எழுத்து. காது போனது தெரிந்தால் இன்றைக்கே கோலைப் பிடுங்கிக்கொண்டு, பொகோட்டாவிலிருந்து வேறு ஆளை வரவழைத்துவிடுவார்கள்.

தெருவில் சோளக்கஞ்சிக்காரன் கூவிக்கொண்டு போனான். அது கேட்டதுதான் அவரை இன்னும் கலக்கியது. கஞ்சி கேட்கிறது, சிம்பொனி கேட்கவில்லை; அப்பாவுக்கு வந்ததேதான்.

சட்டை தொப்பலாக நனைய, கடைசிப் பக்கம்வரை கோலைச் சுழற்றி முடித்தார். எழுபது முகங்களும் அவரையே பார்த்தன.

சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "வயலினெல்லாம் பட்டு மாதிரி இருந்துச்சு. ஆர்லி, உன் கொம்புதான் அரை சுருதி இறங்குது. வீட்டுக்குப் போய் ஒழுங்கா சாதகம் பண்ணு."

"பண்றேன் மேஸ்ட்ரோ," என்றான் ஆர்லி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தக் குரல் கணீரென்று கேட்டது. எவேலியோ அவசரமாகக் கோலைக் கீழே வைத்தார்.

முதல் வயலின் வாசிக்கும் நிடியா மெல்ல எழுந்தார். இருபது வருடமாக எவேலியோவின் பக்கத்தில் உட்காருகிறவர்.

"மேஸ்ட்ரோ, இன்னைக்கு டிசம்பர் இருபத்தெட்டு. ஊரே ஒருத்தரையொருத்தர் ஏமாத்துற நாளு."

"அதுக்கென்ன இப்போ?"

"நாங்க யாரும் வாசிக்கவே இல்லையே."