சுவரோரத்து நாற்காலி

டிரான்ஸ்பார்மர் அறையை ஒட்டிய சுவரோரம் பதினெட்டு வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள் திலகவதி. கம்ப்யூட்டர் திரை நடுங்குகிறது என்று சொன்னபோது மேனேஜர் புதுத் திரை வாங்கித் தந்தார், நாற்காலியை நகர்த்தவில்லை. புற்றுநோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் அந்தச் சுவரைக் காட்டினாள்.

"சுவரால யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. யாரு நிரூபிச்சா?" என்றார் மேனேஜர்.

அன்றே இடம் மாறிக்கொண்டாள். ஆனால் அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் தினமும் துடைத்து வைத்தாள். ஐந்தாம் மாதம் மேனேஜரின் மகள் வேலைக்குச் சேர்ந்தாள். திலகவதி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க உக்காரு பாப்பா."

"அங்க வேண்டாம்," என்று மேனேஜர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏன் சார்?" என்று கேட்டாள் திலகவதி.

அவர் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவர் உறுமிக்கொண்டிருந்தது.