உப்புநீர் எலிகள்

பிறந்தவுடன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஊசி போடப்பட்ட பெண் எலிகள், வளர்ந்ததும் ஆண் எலிகளைப் போல மற்ற பெண் எலிகள் மேல் ஏறின. பேராசிரியை எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புநீர் ஊசி போட்டவையும் ஏறின.

"ஊசிய மாத்திப் போட்டியா?"

"இல்ல மேடம்," என்றாள் ஆய்வகத்தில் உதவிக்கு இருந்த பெண்.

"அப்ப எலி பொய் சொல்லுதா?"

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அடுத்த குட்டிகளுக்குத் தானே உப்புநீர் போட்டார். வழக்கம்போல உள்ளங்கையில் ஏந்தித் தராசில் வைத்து எடை பார்த்தார். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

வளர்ந்ததும் அவையும் ஏறின.

"யாரோ கள்ளச்சாவி வச்சிருக்காங்க," என்றார் மறுநாள் காலை வீட்டில், கையில் க்ரீமைத் தேய்த்தபடி.

"அது மாதவிடாய் நின்னதுக்கு டாக்டர் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் க்ரீம்தானே?" என்றார் கணவர். "தடவுன கையோட பேத்தியத் தூக்கக் கூடாதுன்னாங்க. எலிக்குட்டியத் தூக்கலாமா?"

பேராசிரியை எழுந்துபோய் வெகுநேரம் கை கழுவினார். பிறகு அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டார்.