கேபிள் ஓட்டை

கதவைச் சாத்தினார். ஜன்னலையும் இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டார்.

வலது உள்ளங்கையில் ஓட்டை அடைக்கிற பட்டி, ஓர் உருண்டை. இடது கையில் அதைத் தேய்க்கிற தகடு.

அறையை இருட்டாக்கிப் பார், எங்கே வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கே பூசு என்று தரகர் லாசர் சொல்லியிருந்தான். வீடு வாங்க வருகிறவன் கண் ஓட்டையில்தான் முதலில் போய் நிற்குமாம். நிலைக்கு வார்னிஷ் அடி, காலண்டரைக் கழற்று, பினாயில் ஊற்றிக் கழுவு. அவன் சொன்னதில் இந்த ஓட்டை விஷயம் ஒன்றைத்தான் அவர் நம்பினார்.

ஜன்னல் பலகையில் ஒன்று அகப்பட்டது. சுண்டுவிரல் நுழையும். ஒயர் இழுக்கக் கேபிள்காரன் துளைத்தது. டிவி போயிற்று, ஒயர் போயிற்று. ஓட்டை தங்கிவிட்டது.

அடைக்கக் கையைத் தூக்கியவர், முதுகுக்குப் பின்னால் என்னவோ அசைகிற மாதிரி இருக்கவே திரும்பினார்.

எதிர்ச் சுவரில் தெரு போய்க்கொண்டிருந்தது.

தலைகீழாக.

அவர் சட்டென்று எதையும் நம்புகிற ஆள் இல்லை. வெங்காய மண்டியில் எடை போட்ட காலத்தில், தட்டைத் தூக்கி அடியில் பார்க்காமல் ஒரு மூட்டைக்கும் தலையாட்டியதில்லை.

லாசர் ஏதும் மிஷின் வைத்துவிட்டுப் போனானா? பிளக்கைத் தடவினார். ஒன்றும் சொருகியிருக்கவில்லை.

சுவரைத் தொட்டார். நேற்று அவரே அடித்த வெள்ளை விரலில் ஒட்டியது. புறங்கை மேல் ஒரு ஸ்கூட்டர் ஏறி இறங்கிப் போனது.

கையை உதறினார்.

ஓட்டையில் விரலை வைத்தார். தெரு அணைந்தது. எடுத்தார். வந்தது. திருட்டுத்தனமாக, வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே மறுபடி வைத்து எடுத்தார்.

வந்தது.

மினி பஸ் வந்தது. இரைச்சல் வலப்பக்கம் கேட்க, பஸ் இடப்பக்கமிருந்து வந்தது. சக்கரம் மேலே, கூரை கீழே. ஒருவன் ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கப் போட்டிருந்தான். அந்தக் கை மேலே பார்த்துத் தொங்கியது.

அவ்வளவு பெரிய பஸ். அதன் பின்னால் கரண்டுக் கம்பம், மாடி வீடு, மாடியில் காய்கிற துணி, அதற்கும் அடியில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆகாசம். அத்தனையும் ஒரு சுண்டுவிரல் ஓட்டைக்குள் புகுந்து, ஒன்றோடொன்று இடிக்காமல், ஒரு கீறல்கூட விழாமல், அவர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

எத்தனை வருஷமாய் இப்படி மத்தியானத்துக்கு மத்தியானம் வந்து போகிறதோ.

வாயைத் திறந்தபடி நின்றார்.

சீனியம்மா இதைத்தான் சொன்னாள்.

இடுப்பு முறிந்து, இந்தச் சுவரைப் பார்த்தே மாசக்கணக்கில் கிடந்தவள். அவர் மனைவி. தெரு சுவரில் நடக்கிறது என்றாள். பஸ் மல்லாக்கப் போகிறது என்றாள். வேப்பமரத்தடிப் பூக்காரி தலைகீழாக உட்கார்ந்து கட்டுகிறாள், மடியிலிருந்து ஒரு பூகூட விழவில்லை என்று குழந்தை மாதிரி சிரித்தாள்.

சாப்பிட்டதும் அவர் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டுச் சீட்டாடப் போய்விடுவார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வெயில் உள்ளே பாயும். அவள் விரல் நீட்டிய இடத்தில் அழுக்குச் சுவர்தான் இருக்கும்.

அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மகனுக்குப் போன் போட்டது அவர்தான். திருப்பூரில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற இடம் இருக்கிறது, வீட்டை விற்றுவிட்டு வாருங்கள், அம்மாவை அங்கே சேர்த்துவிடலாம் என்றான் மகன். லாசர் அப்படித்தான் வந்து சேர்ந்தான்.

படுத்துக் கிடக்கிற ஆளைக் கண்டால் விலையும் படுத்துக்கொள்ளும் என்றான். நேற்றே அவளைச் சமையல்கட்டில் பாயில் கிடத்தியாயிற்று. ஆட்கள் இருக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று அவரே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சுவரில் வேப்பமரத்தைத் தேடினார்.

அடிமரம் மேலே இருந்தது. அங்கே மஞ்சள் சேலையில் பூக்காரி. தலை கீழே, மடி மேலே. மடி நிறைய மல்லிகை. கை போய்ப் போய் வந்தது.

இதோ கொட்டப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

கொட்டவில்லை.

கவிழ்ந்த ஆட்டோ ஒன்று வந்து நின்றது. லாசர் இறங்கினான். பின்னால் ஓர் ஆளும் ஒரு பெண்ணும். அவள் விரித்த குடை கிண்ணம்போல அவர்களுக்குக் கீழே நிமிர்ந்திருந்தது. லாசர் ஆகாசத்தில் தலையைத் தொங்கவிட்டு, வீட்டைக் கைகாட்டி, வழக்கம்போல அளந்துகொண்டிருந்தான்.

கதவைத் தட்டினார்கள்.

அவர் சமையல்கட்டுக்குப் போனார்.

சீனியம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். அடுத்த தட்டலுக்கு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் குத்தவைத்தார். என்னென்னவோ சொல்ல இருந்தது.

“ஒரு பூகூட விழல, புள்ள.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

“அவ எந்திரிச்சுக் கூடையத் தலையில வைப்பா. அத நீங்க பாக்கணும்.”

வாசலில் லாசர் “பெரியவரே” என்று கூப்பிட்டான்.

கையில் பட்டி பாதி இறுகிப் போயிருந்தது. அடுப்படிச் சுவரில் அதை அப்பிவிட்டு, இரண்டு கையையும் அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தார்.