மீசையில் கை வைக்காதே

"மீசை இருந்தா மாஸ்க் ஒட்டாது அண்ணை. தண்ணி உள்ளுக்க வந்துடும். வழிச்சிட்டா சரி" என்றார் படகுக்காரர்.

பங்காரு சட்டென்று மேலுதட்டைப் பொத்திக்கொண்டான்.

முதல் நாள் மின்னேரியா காட்டில் ஜீப்பில் குலுங்கி, யானைக் கூட்டம் பார்த்து, இடுப்பு கழன்று வந்தவர்களுக்கு இன்று ஓய்வு நாள். திருகோணமலைப் பக்கம் புறாத்தீவு. அடியில் கிடக்கும் கல் தெரிகிற கடல். முகத்தில் மாஸ்க், வாயில் குழாய், அப்படியே குப்புற மிதந்து மீன் பார்க்க வேண்டியதுதான்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் பங்காருவும் கவிப்பிரியாவும் திருத்தணியை விட்டுச் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். கையைக் கோத்துக்கொண்டு இரண்டு பேரும் மீன் பார்க்கணும்.

"போட்ல உக்காந்துகினு மேலேர்ந்து பாக்கறதுன்னு இல்ல நெனச்சேன்" என்றான் பங்காரு. "வாஸ்லின் தடவினா ஒட்டாதா?"

படகுக்காரர் மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "வாஸ்லினுக்கு அடங்கிற மீசை இல்லை அண்ணை இது."

"என் பையில ரேசர் கீது மச்சான்" என்றான் தணிகைவேல். பங்காருவின் அக்கா வீட்டுக்காரன். அவனுக்கு அப்பாவும் இல்லை, மீசையும் இல்லை.

"ஐயோ பாவா! நைனா உயிரோட கீறாரு. அப்பன் இருக்கசொல்ல புள்ள மீசைய எடுத்தா ஊர்ல என்னா பேசுவாங்க?"

"இங்க ஏதுடா ஊரு? சுத்தி மீனுதான் கீது. அதுங்க பேசாது."

கவிப்பிரியா மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினாள். "எட்டு வருஷத்துல ஒண்ணு கேட்டேன். மீசை பெரிசா, நான் பெரிசா?"

படகில் இருந்த எல்லோரும் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாத வெள்ளைக்காரத் தம்பதிகூட.

"இரும்மா, மாமா கிட்டயே கேட்டுடலாம்" என்று தணிகைவேல் வீடியோ கால் போட்டான். திருத்தணி வீட்டிலிருந்து பங்காருவின் அப்பா வீராசாமியின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. பிறகு முழு முகமும் வந்தது.

"மாமா, ஒண்ணுமில்ல. மச்சான் தண்ணில எறங்கி மீன் பாக்கணும். மீசை தடுக்குது. எடுத்துக்கடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்து நாள்ல மொளைச்சிடும்."

"பங்காரு எங்க? மூஞ்சியக் காட்டு."

போன் திரும்பியது. பங்காரு ஒரு கையால் மீசையையும் மறு கையால் படகின் விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்தான். வீராசாமி போனைக் கண்ணருகே கொண்டுபோய் விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்தார். கால் கட்டாகிவிட்டதோ என்று தணிகைவேல் போனைத் தட்டிப் பார்த்தான்.

"டேய்! நான் இன்னா செத்தா பூட்டேன்?" போன் அதிர்ந்தது. "மீசைல கை வெச்சே, என் வாசப்படி ஏறாதே! போட்லயே உக்காந்து பைய பாத்துக்க!"

"சரி நைனா" என்றான் பங்காரு. உடனே முதல் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"முப்பத்தஞ்சு வயசு. மீசைக்கு அப்பன் கிட்ட பர்மிஷன்" என்றாள் கவிப்பிரியா. படகுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

ஆமை பார்த்தாள். சுறாக்குட்டி பார்த்தாள். மேலே ஏறி வந்து எல்லாவற்றையும் படகுக்காரரிடம் சொன்னாள். பங்காரு அத்தனை பேர் பையையும் மடியில் அடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் அவனிடம் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனாரிடம்தான் பேசினாள்.

"இந்தக் காலத்துல மீசைக்கு இப்படி அடம் புடிப்பாங்களா மாமா? ஆசையா போனேன். எல்லாம் உங்களால பாழாப் போச்சு."

"ஆங், நான் பழைய ஆளும்மா. எனக்கு அப்படித்தான்" என்றார் வீராசாமி. பேப்பரில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கவிப்பிரியா சமையலறைக்குப் போனாள். காபி கலக்குகிற சாக்கில் பாத்திரங்களை உருட்டினாள்.

"ஏன் அத்தை, அவங்க நைனா இருந்தவரைக்கும் மாமா மீசையே எடுத்ததில்லையா?"

"எடுத்தாரே" என்றாள் மாமியார், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்.

"எப்போ?"

"பங்காரு சின்னப் புள்ளையா இருக்கசொல்ல பள்ளிப்பட்டு நெலத்துக் கெணத்துல விழுந்துட்டான். தூக்கிப் போட்டா பேச்சு மூச்சு இல்ல. புள்ள பொழைச்சா முடியோட மீசையும் தரேன்னு மலையப் பாத்து வேண்டிகினாரு. அப்படியே குடுத்தாரு. 'நான் இருக்கசொல்லவே எடுத்துட்டியேடா'ன்னு எங்க மாமனாரு ஒரு வருஷம் அவரு கூட பேசல."

கவிப்பிரியாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது.

"அன்னிலேர்ந்து உன் புருஷனுக்குத் தண்ணின்னா கை கால் ஒதறும். ஆடிக் கிருத்திகைக்கே சரவணப் பொய்கைல கால் நனைக்க மாட்டான். கூட்டமா கீதுன்னு எதனா சாக்கு சொல்லிடுவான். சிரிப்பாங்கன்னு வெக்கம். உங்கிட்டகூட சொன்னதில்லையா?"

கூடத்தில் தணிகைவேல் மீசைப் பேச்சை இன்னும் விடவில்லை.

"கவி, நீயே சொல்லும்மா. மாமா மாதிரி ஒரு கண்டிப்பான ஆளப் பாத்திருக்கியா?"

பங்காரு தலை குனிந்துகொண்டான். வீராசாமி பேப்பரை இறக்கவில்லை.

கவிப்பிரியா முதல் காபியை மாமனாருக்குக் கொடுத்தாள். அடுத்ததைக் கணவனிடம் நீட்டி, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இல்லண்ணா" என்றாள். "மீசைன்னா மாமாவுக்கு உசுரு."