ஓட்டப்போறவன் பாடு

துருவேறி இறுகிப்போன சஸ்பென்ஷன் போல்ட்டை ஒருவழியாகக் கழற்றினான் ராஜபாளையம் மெக்கானிக் மாரீஸ்வரன். எண்ணெய் படாமல் இருக்க, மாமனார் போட்ட புது மோதிரத்தை ஏற்கனவே கழற்றிப் பாக்கெட்டில் போட்டிருந்தான். போல்ட்டை பிரஷால் தேய்த்து, அதையே திரும்ப மாட்டினான்.

"இந்த போல்ட்டைக் கழட்டினா புதுசுதான் போடணும்னு கம்பெனியில சொன்னாகளே தம்பி?" என்றார் கார்க்காரர் இம்மானுவேல்.

"புதுசு மதுரையிலதான் கெடைக்கும் சார். விக்கப்போற வண்டிதான? இனி ஓட்டப்போறவன் பாடு."

"அதுவும் சரிதான். மம்சாபுரம் சங்கையாதான் வாங்குறாரு. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் குடுக்கப் போறாராம். மாப்பிள்ளைக்கே தெரியாம வச்சிருக்காராம்."

மாரீஸ்வரன் ஸ்பேனரை எடுத்து, மாட்டிய போல்ட்டை மறுபடி கழற்றினான்.

"என்ன தம்பி, ஓட்டப்போறவன் பாடுன்னீங்க?"

"நாளைக்கு வாங்க சார். மதுரைக்குப் போயிட்டு வாரேன். இனி ஓட்டப்போறது நான்தான்."