இடது கை எழுத்து

“நான்தான் எழுதினேன் டாக்டர். அதுல இருக்கறது எல்லாம் பொய்.”

உரியெல் இப்படிச் சொன்னதும் மிர்த்தாவின் கையிலிருந்த மாத்தே தேநீர்க் குவளை நழுவப் பார்த்தது. ரொசாரியோ நகரின் அந்தச் சின்ன யூத ஜெபாலயத்தில் பதினாறு வருடமாக இளைஞர் குழுவை நடத்துகிறவள் அவள். எட்டு வயதில் குழுவுக்கு வந்து, இருபத்திரண்டு வயதில் அவளுடைய வலது கையாக இருப்பவன் உரியெல்.

ஜெபாலயத் தலைவர் டாக்டர் குட்னிஸ்கி மேசைமேல் கிடந்த கடிதத்தை விரலால் தட்டினார். “கோடை முகாம்ல, மத்தியானக் காவல்ல மிர்த்தா தூங்கிட்டாங்க. ஒரு பொடியன் தனியா ஆத்துல இறங்கிட்டான். அதை யார்கிட்டயும் சொல்லாம மறைச்சுட்டாங்க. இப்படி எழுதியிருக்கே, இது மட்டும் நிஜமா இருந்தா இன்னிக்கே அவங்களை அனுப்பியிருப்பேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும். அந்த இடம் எனக்குக் கிடைக்கும்னு நெனச்சேன்.”

“எழுத்து என்னடா, கோழி கிளறின மாதிரி?”

“அடையாளம் தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதினேன்.”

டாக்டர் மிர்த்தா பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது சொல்றீங்களா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள். தூங்கியது நிஜம். அலறிக்கொண்டு ஓடிவந்து அவளை எழுப்பியவன் உரியெல், தண்ணீரில் குதித்துப் பொடியனைத் தூக்கிவந்தவனும் அவன்தான். வேறு யாருக்கும் அது தெரியாது.

பொய் என்று அவன் சொன்னதுதான் பொய். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலை போனால் அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை, வேறு மனிதர்களும் இல்லை. வாடகை அறைக்குத் தூங்க மட்டும் போகிறவள். வீடு எங்கே என்று யார் கேட்டாலும் ஜெபாலயத்தைத்தான் சொல்வாள்.

டாக்டர் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். “இனிமே இந்தக் குழுப் பக்கமே நீ வரக் கூடாது. சாவியை வெச்சுட்டுப் போ.”

உரியெல் சாவியை வைத்தான். அந்தக் கடிதம் வந்த வெற்று உறையை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனான். தடயத்தைக்கூட விட்டுவைக்க மாட்டான் போலிருக்கிறது, கெட்டிக்காரன்.

முற்றத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்புக்கு இன்னும் நான்கு நாள். அதற்குள் ஒவ்வொருவரும் தாங்கள் நோகடித்தவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் மிர்த்தா வருடாவருடம் ஒரு விளையாட்டு வைப்பாள். தன் தப்பைத் தானே எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் அதைப் பூட்டி வைத்திருந்து, என்ன எழுதினோம் என்பதே மறந்துபோன பிறகு, அடுத்த வருடம் நோன்புக்கு முன்னால் தபாலில் சேர்ப்பார்கள்.

“அக்கா, என் கடிதம் வந்துடுச்சு!” பன்னிரண்டு வயது அபிகாயில் பச்சை ஆப்பிள் படம் ஒட்டிய உறையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். “ ‘அபிகாயில் தம்பியைக் கிள்ளிட்டு இல்லைன்னு சாதிச்சா’ன்னு யாரோ என்மேல புகார் கொடுத்த மாதிரியே எழுதியிருக்கேன். நான் எழுதினதை என்னாலயே படிக்க முடியல! உங்களுக்கு வந்துச்சா?”

“இன்னும் இல்லடி.” மிர்த்தாவின் கண் அவளைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது. உரியெல் சைக்கிளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விறுவிறுவென்று போய் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தாள்.

“நில்லுடா. ஷூ லேஸ் கட்டத் தெரியாம வந்தவன் நீ. குனிஞ்சு கட்டிவிட்டது யாரு? உங்கப்பன் விட்டுட்டுப் போனப்ப உன்னை மடியில போட்டுக்கிட்டது யாரு?”

“நீங்கதான்.”

“வேற யாராவது எழுதியிருந்தா துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். நீ எப்படிடா எழுதின? அன்னிக்கு ஆத்தங்கரையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘என் உசிரு போனாலும் சொல்ல மாட்டேன்’னு சொன்னியே!”

“சொல்லலை அக்கா.”

“சொல்லலையா? உள்ள டாக்டர் முன்னாடி ஒத்துக்கிட்டுட்டு, இங்க வந்து என்கிட்ட சொல்லலைங்கறியா?” முற்றத்தில் கூச்சல் அடங்கிவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை. “கேட்டுக்கோ. நோன்புக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்க என்கிட்ட வந்து நிக்காதே. மூணு தடவை வந்து கேட்டா மன்னிச்சுடணும்னு நம்மாளுங்க சொல்லுவாங்க. நீ முந்நூறு தடவை கேட்டாலும் கிடையாது. துரோகி!”

உரியெல் பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தான். பிறகு, அவர்கள் காதில் விழாதபடி அவள் பக்கத்தில் வந்து, சட்டைப்பையிலிருந்த வெற்று உறையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

உறையின் மூலையில், அபிகாயிலின் உறையில் இருந்த அதே பச்சை ஆப்பிள் படம் ஒட்டியிருந்தது.

“இடது கையால எழுதணும், பேர் வேண்டாம், வீட்டு விலாசம் போதும்னு போன வருஷம் எங்ககிட்ட சொல்லிட்டு, உங்க உறையில நீங்க இந்த ஜெபாலயத்து விலாசத்தை எழுதியிருந்தீங்க அக்கா.”